மட்டை பிறந்த ஊர்

தொடர்ந்து ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்து வீடு திரும்பும் வழியில், அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த மனிதர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். தப்பு தன்மேல் இல்லை. மட்டைமேல்தான்.

அவரை எல்லோரும் புரூஃப் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். தன் பக்கம் கண்ணைத் திருப்பிப் பழக்கமில்லை. அச்சகத்தின் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், வாரம் முழுக்கத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அச்சக அணியின் முதல் ஆட்டக்காரராக, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மைதானத்துக்குள் நடப்பார். போகும்போது நாலு பேர் கைதட்டுவார்கள். வரும்போது யாரும் தட்டுவதில்லை, அது வேறு விஷயம். அந்தப் போகிற நடைக்காகத்தான் மனிதர் மற்ற நாட்களையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அணித் தலைவர் அச்சகத்து பைண்டர். "சார், அடுத்த வாரமும் முட்டைன்னா வேற ஆளைத்தான் இறக்கணும். மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். புரூஃப் சார் அதை மனசில்தான் வைத்துக்கொண்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மட்டை சரியில்ல" என்றார் மனைவியிடம்.

"எது, என் தம்பி செஞ்ச மட்டையா?"

அவள் தம்பி மட்டைப் பட்டறை வைத்திருக்கிறான். மத்தியானத்தில் அவளும் போய் வேலை பார்த்துவிட்டு வருவாள். அங்கே என்ன வேலை என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"உன் தம்பியைக் குத்தம் சொல்லல. இந்த ஊர் வெக்கையில மரம் அவிஞ்சு போயிடுது. வெளிநாட்டுக்காரன் குளிர்ல உட்கார்ந்து நிதானமா செய்வான். அந்த மட்டையில பந்து பட்டாலே போதும், பவுண்டரிதான்."

"படணும்ல?"

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. கனமா இருக்குன்னீங்க, இழைச்சுக் குடுத்தான். லேசாயிடுச்சுன்னீங்க, இந்தா, புதுசாவே ஒண்ணு குடுத்தனுப்பிருக்கான். வேற மட்டையை நீங்க தொட்டீங்கன்னா நான் அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

புரூஃப் சார் பேச்சை மாற்றினார். ஏனென்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அச்சக முதலாளி மருமகனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த வெளிநாட்டு மட்டை ஒன்று, பெயர் பெற்ற கம்பெனியின் தங்க ஸ்டிக்கரோடு, ஏற்கெனவே அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

திட்டம் சுலபமானதுதான். வெளிநாட்டு மட்டையின் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, மைத்துனன் மட்டையின் ஸ்டிக்கரை அதில் ஒட்டிவிட வேண்டியது. பார்க்கிற மனைவிக்கு அது தம்பி மட்டை. அடிக்கிற இவருக்கு வெளிநாட்டு மட்டை.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஒளித்து வைத்த மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி பட்டறைக்குக் கிளம்பியதும் கட்டிலில் பேப்பரை விரித்து, இரண்டு மட்டைகளையும் படுக்க வைத்து, எண்ணெய் தடவி ஸ்டிக்கர்களை அலுங்காமல் உரித்தார். கைப்பிடி ரப்பர்களையும் உருவிப் போட்டார். செய்வதைத் திருந்தச் செய்கிறவர் அவர். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. பதறிப்போய் இரண்டு மட்டைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வந்தவர் மாடி வீட்டைத் தேடி வந்தவர். அவரை மேலே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, மட்டைகளை வெளியே இழுத்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எது எந்த மட்டை?

தூக்கிப் பார்த்தார். ஒரே எடை. தன் முழங்காலில் தட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி வலித்தது. வெளிநாட்டு வாசனை கொஞ்சமாவது வீசும் என்று மோந்து பார்த்தார். இரண்டிலும் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசம்தான் வந்தது. மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கலக்கத்திலும் மூளை ஒரு வேலை செய்தது. இரண்டுமே தம்பி அனுப்பியது என்று மனைவியிடம் சொல்லிவிட்டால் அவள் ஓரவஞ்சனை பார்க்க வழியில்லை. எது உசத்தியோ அதைத்தான் காட்டுவாள். உசத்தி எதுவோ அதுதானே வெளிநாடு.

மாலையில் அவள் வந்ததும் ஆரம்பித்தார். "உன் தம்பி இன்னொண்ணும் குடுத்தனுப்பினான்மா. ரெண்டுல எது நல்லது, பாரேன்."

"ஸ்டிக்கர் எங்க?"

"அவசரத்துல ஒட்டாம அனுப்பிட்டான் போல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்து இஞ்சி இடிக்கும் சின்ன மர உலக்கையை எடுத்து வந்து, ஒரு மட்டையைக் காதோரம் பிடித்து மேலிருந்து கீழாகத் தட்டினாள். அடுத்ததையும் தட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது" என்றாள்.

"நிச்சயமாவா?"

"இதுல நிக்கலாம். சாயங்காலம் வரைக்கும்கூட நிக்கலாம்."

அவள் காட்டிய மட்டையில் கைப்பிடி ரப்பரை மாட்டி, அச்சகப் பசை போட்டு மைத்துனன் ஸ்டிக்கரை ஒட்டினார் புரூஃப் சார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கைதட்ட, நடந்து போனார். இரண்டாவது பந்தில் நடு ஸ்டம்ப் மல்லாந்தது. பந்து மட்டையில் பட்டிருந்தால்தானே மட்டை பிறந்த ஊர் தெரியும். பைண்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மேகம் மூடிய தெருவில் மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"நீ ஏமாத்திட்டே" என்றார் உள்ளே நுழைந்ததும். "உன் தம்பி மட்டையைக் காட்டி நல்லதுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டே."

"ரெண்டுமே தம்பி மட்டைன்னுதானே சொன்னீங்க?"

மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் முதலாளியின் மருமகன், காகிதக் கட்டு, எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"அந்தத் தங்க ஸ்டிக்கர்க் கம்பெனி மட்டைங்க தானே? போன வருஷத்துல இருந்து என் தம்பி பட்டறையிலதான் செய்யறோம்."

"என்னது?"

"மரம் மட்டும்தான் குளிர் ஊர்ல இருந்து வரும். தம்பி மட்டைக்கும் அதே மரம்தான். காய வைக்கிறது, அழுத்துறது, செதுக்குறது எல்லாம் இங்க. தட்டிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுறது நான். அப்புறம் கப்பல்ல அங்க போகும். அங்க போனதும் வெளிநாட்டு மட்டை."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் கண்டிஷன். நீங்க அச்சகத்துல வேலை பாக்குறீங்க, சொன்னா ஊரெல்லாம் அச்சாயிடும். தவிர, நீங்க எப்ப கேட்டீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப ரெண்டும்..."

"ஒரே மரம், ஒரே அழுத்தம், ஒரே ஆளு செதுக்கினது. எது எதுன்னு எனக்கே தெரியல. ஏதாவது ஒண்ணைக் காட்டினாத்தானே தைரியமாப் போவீங்கன்னு காட்டினேன்."

மட்டைமேல் தப்பில்லை என்றால் யார்மேல் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாட்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டார் புரூஃப் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நேத்தே பைண்டர் சம்சாரத்துக்குப் போன் பண்ணினேன். அவங்க அவர்கிட்ட பேசிட்டாங்க. நீங்க இனிமே ஆட வேண்டாம். ஆனா எல்லா ஞாயித்துக்கிழமையும் போகணும். உங்களை அம்பயரா போட்டாச்சு."

"அம்பயரா?"

"காலையில எல்லாருக்கும் முன்னாடி போகணும், கடைசிப் பந்து வரைக்கும் நிக்கணும். தப்புக் கண்டுபிடிக்கிற வேலைதான். உங்களுக்கு வரும்."

மைதானத்துக்குள் நடக்கலாம். முதல் ஆளாகவே நடக்கலாம். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்காகவா போன் பண்ணினே? என்மேல உனக்கு இவ்வளவு அக்கறையாம்மா?"

"பின்ன என்னங்க, ஏழு வாரமா காலங்காத்தாலயே அவுட்டாகி வந்து என் ஞாயித்துக்கிழமையக் கெடுக்கிறீங்க, அம்பயரை யாராலயும் அவுட்டாக்க முடியாதுல்ல?"