சம்பந்தி மயங்கி விழுந்தது தொடர்பாக

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், அங்கேயும் அப்படித்தானே என்று முதல் வரியில் எழுதுவது முறை; எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தரும் சௌக்கியமாக இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, என் வீட்டுக்காரி என்னோடு சரியாகப் பேசுவதில்லை, உங்கள் வருங்கால மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். அழைப்பிதழ் அச்சடிக்கிறவர் வேறு, "சார், மேட்டர் ஓகேவா? மெஷின்ல ஏத்திடலாமா?" என்று தினமும் கேட்கிறார். "கொஞ்சம் பொறுங்க" என்கிறேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? போட்டி நடந்த அரங்கிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனீர்கள். அதற்கப்புறம் என் போனை எடுக்கவே இல்லை. இந்தக் கல்யாணம் நடக்குமா, நடக்காதா என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதனால் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன். கோபத்தில் பாதியில் கிழித்துவிடாமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கே தெரியும், உங்கள் மகனும் என் மகளும் பழகியது அந்த வீடியோ கேம் சங்கத்தில்தான். மான்ஸ்டர் என்கிறார்களே, அந்தப் பூதங்களை வளர்த்து ஒன்றோடொன்று மோதவிடுகிற விளையாட்டு. அதில் இந்த வருஷம் குடும்பக் கோப்பை என்று ஒன்று அறிவித்தார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் ஆட வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் உட்காரலாமே தவிர வாயைத் திறக்கக் கூடாது. ஆறு பூதங்கள் கொண்ட அணி. ஆறும் ஏதாவது ஒரு கருத்தின் கீழ் அடங்க வேண்டும். ஒரு குடும்பம் ஆறும் பழம் மாதிரி இருக்கிற பூதங்களாகக் கொண்டுவந்தது, இன்னொரு குடும்பம் ஆறும் மீன். என் மகள், "அப்பா, பேசாம பச்சைக் கலர்னு வெச்சுக்கலாம், ஈஸி" என்றாள். பேசாமல் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்களும் உங்கள் வீட்டாரும் பார்க்க வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது. நம் இரண்டு வீடும் இனி ஒன்று என்று காட்டுகிற மாதிரி, "குடும்பம்" என்றே கருத்து வைத்தேன். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் போதாத நேரம் அங்கேதான் ஆரம்பம்.

நான் பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவன். எந்த டிரைவருக்கு எந்த கண்டக்டர் ஒத்துப்போவார், யாரோடு யாரைப் போட்டால் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் தைரியத்தில் பூதங்களுக்கும் டூட்டி போட்டேன். எப்போதும் தூங்கி, தூங்கி எழுந்ததும் தெம்பாகிவிடுகிற ஒரு குண்டுப் பூதத்துக்கு "மச்சான்" என்று பெயர் வைத்தேன். என் வீட்டுக்காரியின் தம்பியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், விளக்கம் வேண்டாம். விஷப்பூ பூதத்துக்கு "அக்கா". பாட்டுப் பாடி மற்றவர்களின் காயத்தை ஆற்றுகிற பறவைக்கு உங்கள் வீட்டம்மாவை நினைத்து "சம்பந்தியம்மா". அலையோடு வருகிற பெரிய கடல்பறவைக்கு "வீட்டுக்காரி". வளைக்குள் ஒளிந்துகொள்வதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு எலிக்கு "நான்". அணிக்கே தூணாக, எத்தனை அடி விழுந்தாலும் அசையாமல் நிற்கிற பாறைக் காண்டாமிருகம் ஒன்று இருந்தது. அதற்குத்தான் உங்கள் ஸ்தானத்தைக் கொடுத்தேன். உருவத்தை வைத்து அல்ல, சத்தியமாக! அதன் கம்பீரத்தை வைத்து. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களை இத்தனை வருஷம் பரீட்சை செய்தவர் நீங்கள். எங்கள் டிப்போ டிரைவர்கள் இன்றைக்கும் உங்களை நினைத்தால் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கம்பீரம் வேறு எந்தப் பூதத்துக்கும் இல்லை. "சம்பந்தி அவர்கள்" என்றுதான் வைக்கப் பார்த்தேன், கட்டத்துக்குள் எழுத்து அடங்கவில்லை. "சம்பந்தி ஐயா"வும் அடங்கவில்லை. வெறும் "சம்பந்தி" அடங்கியது. பதிவு செய்தபின் பெயரை மாற்ற முடியாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அரங்கத்தில் அவ்வளவு பெரிய திரை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தமிழில்தான் வசனம் ஓடும் என்றும் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திரையில் வருவதையெல்லாம் கிரிக்கெட் கமென்டரி மாதிரிக் கத்துவார் என்று சத்தியமாகத் தெரியாது. நீங்கள் முதல் வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே ஆட வந்தவர் மடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே ஒரு கையால் ஆடினார், அதைப் பார்த்து நான் லேசாக நினைத்துவிட்டேன். ஆறில் நாலைத்தான் ஒரு ஆட்டத்துக்கு இறக்கலாம், இரண்டு வெளியே உட்கார வேண்டும், களத்தில் ஒரே சமயத்தில் இரண்டிரண்டாக நிற்கும். அக்காவையும் மச்சானையும் பின்னால் வைத்துக்கொண்டு, உங்களையும் என் வீட்டுக்காரியையும் முன்னால் இறக்கினேன். "களத்தில் இறங்குகிறது சம்பந்தி!" என்று மைக்காரர் கத்தினார். அரங்கமே கை தட்டியது. நான் பெருமையாகத் திரும்பி உங்களைப் பார்த்தேன். அதுதான் நான் நிம்மதியாக இருந்த கடைசி நிமிஷம்.

அந்தத் தாய் கட்டை விரலால் ஒரு பொத்தானைத் தட்டினார். "சம்பந்திக்கு விஷம் ஏறியது" என்று திரையில் வந்தது. மைக்காரர் அதை இரண்டு தடவை சொன்னார். அடுத்ததாக "சம்பந்தி சேற்றில் புரண்டது" என்று வந்தது. அப்படிப் புரண்டால் கொஞ்சம் உடம்பு தேறும், நான்தான் புரளச் சொன்னேன், உங்கள் நன்மைக்காகத்தான். அரங்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எப்படியாவது உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரியைப் "பெருவெள்ளம்" என்ற ஆயுதத்தைப் போடச் சொன்னேன். எதிரில் நிற்கிற இரண்டையும் ஒரே அடியில் வாரிக்கொண்டு போகும் என்றுதான் படித்திருந்தேன். பக்கத்தில் நிற்கிற நம்மாளையும் சேர்த்து வாரும் என்பதையும், பாறைக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது என்பதையும் படிக்காமல் விட்டிருந்தேன். டிப்போவில் இவருக்கு அவர் ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் போடுகிற எனக்கு, பாறைக்குப் பக்கத்தில் வெள்ளத்தை நிறுத்தக் கூடாது என்று தோன்றாமல் போய்விட்டதே! "வீட்டுக்காரி அடித்ததில் சம்பந்தி மயங்கி விழுந்தது" என்று திரை முழுக்க வந்தது. மைக்காரருக்குக் கேட்க வேண்டுமா? "என்னங்க இது, சொந்த வீட்டுக்காரியே சம்பந்தியப் போட்டுத் தள்ளிட்டாங்களே! கல்யாணத்துக்கு முன்னாடியேவா!" என்றார். சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டு போயிற்று. உங்கள் வீட்டம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

உங்கள் முகத்தை மட்டும் பார்த்தேன். ஒரு அசைவு இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தவனை நீங்கள் இப்படித்தான் பார்ப்பீர்களாம், எங்கள் டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாஸா ஃபெயிலா என்று கடைசிவரை தெரியாதாம். அந்த ஆட்டத்தில் மச்சான் தூங்கித் தூங்கியே ஜெயித்தது தனிக் கதை. குழந்தை அழ ஆரம்பித்ததும் அந்தத் தாய் கையைத் தூக்கிவிட்டார். எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. இனி உங்களுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று முடிவுகட்டி, உங்களை வெளியே உட்காரவைத்தேன். திரையின் ஓரத்தில், கீழே, சாம்பல் நிறத்தில் சின்னதாக நீங்கள் தெரிந்தீர்கள். அடிபடாமல், பத்திரமாக. உங்கள் இடத்துக்கு எலியை, அதாவது என்னை, முன்னால் நிறுத்தினேன். நாலு அடிகூடத் தாங்காமல் தோற்றோம். பரவாயில்லை, மானம் தப்பியது என்று பெருமூச்சு விட்டுத் திரும்பினால் உங்கள் நாற்காலி காலி. வைத்த டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை உங்கள் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு மாமா. கார்ல போய் உக்காந்துட்டாரு" என்றார். அதைக் கேட்டதும் என் மகளின் முகம் செத்துப்போயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கே உங்களுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் நிஜ மச்சான் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அனுப்பிய பிறகு போட்டுக் கேட்டால், "சம்பந்தி, என்னைப் பெரிய மனசு பண்ணி" என்று நான் தழுதழுக்கிற இடத்தில், "சம்பந்தி போனாப் போகட்டும் விடுங்க மாமா, நான் ஒருத்தன் போதாதா" என்று அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. அழிக்கப் போனேன், பதட்டத்தில் எனக்கு மட்டும் அழித்துக்கொண்டேன். உங்களிடம் அது பத்திரமாக இருக்கும். என் வீட்டுக்காரி, "இனிமே நீங்க வாயைத் தொறக்காதீங்க, எழுதுங்க" என்று காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "என்னை எதுக்குங்க இதுல இழுத்து விட்டீங்க? நானா அவரை அடிச்சேன்?" என்று அவள் வேறு கேட்கிறாள்.

செய்த தப்புக்குப் பரிகாரமாக இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஒன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு ஆட்டம் இருக்கிறது. அதற்கு வரமாட்டோம் என்று சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு, அந்தக் காண்டாமிருகத்தைக் காட்டில் விட்டுவிட்டேன். விட்டால் திரும்ப வராது, நிச்சயமா என்று விளையாட்டு கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. எந்தப் பூதத்தை விட்டாலும் அப்படித்தான் திரும்பிப் பார்க்குமாம், மகள் சொன்னாள், ஆனாலும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இனி உங்கள் பெயர் எந்தத் திரையிலும் வராது. எந்த மைக்கிலும் ஒலிக்காது. இது உறுதி.

சம்பந்தி, மனசைத் திறந்து சொல்கிறேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் உங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். உங்கள் வீடு நல்ல வீடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் உங்களோடு இதுவரை முழுசாக நாலு வாக்கியம் பேசியதில்லை. நீங்கள் பேச மாட்டீர்கள், எனக்குப் பேச வராது. அந்த விளையாட்டிலாவது நாம் ஒரே பக்கம் நிற்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தப்பு முழுக்க என்னுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வரச்சொன்னால் வருகிறேன், வந்து நிற்கச்சொன்னால் நிற்கிறேன், என்னைத் திட்ட வேண்டும் என்றால் உங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துத் திட்டுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். காயம் ஆற்றும் பறவைக்கு அவர் பெயரை வைத்ததில் அவருக்கு வருத்தம் இருந்தால் அதற்கும் மன்னிப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதங்கள் என்றும் உண்டு, உங்கள் தீர்ப்பு எதுவானாலும். அச்சகத்துக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். நானும்தான்.

இப்படிக்கு,
பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடப் போகும்போது உங்கள் போன் வந்தது. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், வீடே கேட்டது. "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றீர்கள். "முதல் ஆட்டத்துல என்னை முன்னாடி நிறுத்துனீங்க. விஷம், வெள்ளம், எல்லாத்தையும் வாங்குனேன். என் சர்வீஸ்ல நான் ஒரு இடத்துக்குப் போனா எல்லாரும் தள்ளித் தள்ளி நிப்பாங்க. யாரும் என்னைத் தங்களோட சேத்துக்கிட்டதில்ல. அன்னைக்குத்தான் அத்தனை பேர் சம்பந்தி சம்பந்தின்னு கூப்பிட்டாங்க. அப்புறம் ரெண்டாவது ஆட்டத்துல நான் என்ன தப்புப் பண்ணேன்னு என்னை வெளிய உக்கார வெச்சீங்க?" என்றீர்கள். "இல்லீங்க" என்றேன், "வந்துங்க" என்றேன். அந்தப் பதிவைப் பற்றியும் சொன்னீர்கள். "உங்க மச்சான் ஒருத்தர் போதும்னு சொல்றாரே, அது எப்படிங்க போதும்?" கடைசியில், "அந்தக் காண்டாமிருகம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். வெளியே உட்காரவைத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அது நல்லா இல்லை, காட்டில் இருக்கிறது. அதை மட்டும் என் வாயால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். அழைப்பிதழை மெஷினில் ஏற்றச் சொல்லியாயிற்று. செயலாளரிடமும் வருகிறோம் என்று சொல்லியாயிற்று. நிஜ மச்சான் இன்றைக்குத் தூங்காமல் விளையாட்டுக்குள் பாறைக் குன்றெல்லாம் சுற்றி ஒரு குட்டியைப் பிடித்திருக்கிறார். இன்னும் கொம்பு முளைக்கவில்லை, யாரைப் பார்த்தாலும் பின்வாங்குகிறது. பெயர் உங்களுடையதுதான். தயவுசெய்து இதைப் படித்ததும் கிளம்பி வந்து, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்துக் கொடுங்கள். என் வீட்டுக்காரியைப் பின்னால் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் முன்னால் நிற்கப்போவது நீங்களும் நானும்தான்.