பத்துப் பங்கும் பிள்ளையாருக்குச் சொன்ன வாக்கும்

கண்டி மாவட்டத்தில் மாலை ஏழு மணிக்குப் போன் எடுத்து ‘குட் மோர்னிங்’ சொல்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். நான் வேலை செய்யும் கந்தோரில் தண்ணீர் பில் மேசையில் இருந்தவர். சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘அமெரிக்கா’. அமெரிக்காவைப் பார்த்தவரா என்று கேட்காதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தையே வாசலோடு பார்த்துவிட்டு வத்தேகமவுக்குத் திரும்பியவர்.

அக்கா மகனை வழியனுப்பப் போனபோது பார்த்தது அது. அந்த மருமகன் அங்கே ஒரு செமிகண்டக்டர் கம்பெனியில் சேர்ந்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற நகமளவு சில்லுகள் செய்கிற கம்பெனி. படிக்க வைத்த மாமாவுக்கென்று பத்துப் பங்கு வாங்கி ஒதுக்கினான். அன்றிலிருந்து அமெரிக்கா அந்தக் கம்பெனியின் முதலாளி. அங்கே சந்தை திறக்கிற நேரம் இங்கே மாலை ஏழு மணி. திறந்த கையோடு எனக்குப் போன் வரும்.

போன் திருத்துகிற கடைக்குப் போனால், “பார்த்துத் தொடுங்க தம்பி, உள்ள இருக்க சில்லுல எனக்கும் பங்கிருக்கு” என்பார். தண்ணீர் பில் கூடிவிட்டது என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம், “நம்ம கம்பெனி இல்லாட்டி ஒங்க மீட்டரே ஓடாதுங்க” என்றார். அந்த மீட்டர் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. வந்தவர் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத விஷயம் ஒன்று இருந்தது. மருமகனின் விசாவைப் புதுப்பிப்பது இழுபட்ட நாட்களில் அமெரிக்கா பிள்ளையார் கோயிலுக்குப் போய், “பயலுக்கு விசா சரிவந்தா அவன் தந்த பத்துப் பங்கு என் ஆயுசுக்கும் பத்துக்குக் கொறையாது சாமி” என்று நேர்ந்துவிட்டார். விசா வந்தது. அதற்குப் பிறகு மகள் தர்ஷினிக்கு எலக்ட்ரோனிக்ஸ் படிக்க ஒரு தனியார் கெம்பஸில் இடமும் வந்தது. கட்டணத்துக்கு வீட்டில் வேறு வழி கிடையாது, பங்கை விற்க வேண்டும். அமெரிக்கா மாட்டேன் என்றுவிட்டார்.

“பிள்ளையாருக்கு வயிறு பெருசு. ரெண்டு கொறஞ்சா தெரியவா போவுது?” என்று அவர் மனைவி கேட்டுப் பார்த்தார்.

“சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

தர்ஷினி அழவில்லை. விண்ணப்பத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அதை எனக்குச் சொல்லிவிட்டு அமெரிக்கா அன்றைய விலையைச் சொல்ல மறந்து போனை வைத்தார்.

அந்த வாரம்தான் ஒரு நாள் போனில் ‘குட் மோர்னிங்’ வரவில்லை. “தம்பி, எல்லாம் போச்சு. வெலை பத்துல ஒன்னாயிருச்சு” என்றார். மருமகன் முன்பே நீளமான ஈமெயில் போட்டிருந்தானாம். அமெரிக்கா விலையைத் தவிர வேறெதையும் வாசிக்க மாட்டார்.

மறுநாள் கந்தோரே துக்கம் விசாரித்தது. சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது போல ஆளாளுக்குச் சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார்கள். பெரிய கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார். பில் கட்ட வந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே நின்றார்கள்.

மாலையில் அவரை ரவூப் நானாவின் கொத்து ரொட்டிக் கடைக்கு இழுத்துப் போனேன். அங்கே வைத்துத்தான் மருமகனின் போன் வந்தது. “மாமா, ஒன்னும் போகல. ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சிருக்காங்க. இப்ப ஒங்ககிட்ட நூறு இருக்கு.”

அமெரிக்கா நம்பவில்லை. “வெலை பத்துல ஒன்னு, பங்கு பத்து மடங்கு. அப்ப யாரு யார ஏமாத்துறா?” என்று எங்களைக் கேட்டார்.

ரவூப் நானா தகட்டில் தட்டுவதை நிறுத்தினார். “இந்தா பாருங்க, ரொட்டி ஒன்ட கொத்திப் போட்டா நூறு துண்டு. ரொட்டி கூடினதா, கொறஞ்சதா? அதே ரொட்டிதானே ஈக்கி.”

“அப்ப என்னத்துக்குக் கொத்தணும்?”

“முழுசா வாங்க ஏலாதவனும் ஒரு வாய் வாங்கட்டுமே.”

அமெரிக்கா யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “தம்பி, பத்துப் பங்க வச்சிக்கிட்டு மிச்சத்துல வேண்டியத வித்தா, நேர்த்தி கெடாதே?”

நான் கணக்கில் புலி. வாய் சும்மா இருக்குமா? “அதெப்படிண்ணே? பழைய பத்துதான் இப்ப நூறு. நீங்க நேர்ந்தது மொத்தத்தையும்” என்றேன். மலர்ந்த முகம் அப்படியே விழுந்தது. கட்டணம் கட்ட மூன்றே நாள் இருந்தது. என் நாக்கை அறுத்துக் கொத்தில் போட்டிருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். யாழ்ப்பாணத்துக் குருக்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீர் பிள்ளையாரிட்ட என்னெண்டு சொன்னனீர்?”

“பத்துக்குக் கொறையாதுன்னு, சாமி.”

“வித்த பிறகும் பத்து கிடக்குமோ?”

“கெடக்கும் சாமி.”

“பிறகென்ன? பிள்ளையார் பங்குச் சந்தை பாக்கிறேல்லை.”

நான் வாயைத் திறந்தேன். அமெரிக்கா என் காலை மிதித்தார். செருப்பில்லாத கால், உயிர் போனது.

வெளியே வந்ததும், “கணக்கு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கடையில நீ சொல்றதுக்கு முந்தியே தெரியும்” என்றார். “புள்ள படிக்கணும் தம்பி. பிள்ளையாருக்கும் அது தெரியும். விட்டுக் குடுக்க எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. கம்பெனிக்காரன் குடுத்துட்டான்.”

பங்குச் சந்தையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பங்கைப் பிரிப்பதால் யாரும் பணக்காரர் ஆவதில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மனசு கட்டிப்போட்ட ஒரு மனுஷன் அதனால் அவிழ்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தர்ஷினியின் முதல் நாள் வகுப்பு முடிகிற நேரம் நல்ல மழை. கெட்டம்பேயில் கெம்பஸ் வாசலில் நானும் அவரும் ஒரே குடைக்குள் நின்றோம். அவள் ஓடி வந்தாள். “அப்பா, சில்லெல்லாம் மணல்ல இருந்துதான் செய்றாங்களாம்.”

அமெரிக்கா திரும்பி மகாவலி ஆற்றங்கரை மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். “இங்க கெடக்கே இவ்வளவு” என்றார். “மருமகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்.”

எனக்கு ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். அந்த மனுஷனுக்குத் தடிமன் பிடித்தால் எனக்குத் தாங்காது.