அமாவாசையன்று பாடிய ஸ்பீக்கர்

எனக்குக் காது சரியில்லை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் அப்படியில்லை. ஆரணியில், ஏன், வேலூர் வரைக்குமே ஒலியின் தரம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆதாரம், பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிய ஐந்து ஆங்கில ஆடியோ பத்திரிகைகள். (ஒன்றுக்கு அட்டை இல்லை. இன்னொன்றில் பாதிக்கு மேல் போண்டா எண்ணெய்.)

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் கூடத்தை ஒட்டி இரண்டு பட்டுத்தறிகள். ஒன்றில் அப்பா, மற்றதில் சுமதி அக்கா. நெய்கிறவர்கள் தெரு என்பதால் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலும் இதே சத்தம்தான். அதற்கு மேலே பேசிப் பேசி அக்காவின் குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. 'கொஞ்சம்' என்பது தம்பி என்ற முறையில் நான் தரும் சலுகை. அவள் அடுப்படியிலிருந்து "உப்பு தீர்ந்துபோச்சும்மா" என்றால், தெருமுனைக் கடைக்காரர் உப்புப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவார்.

இதனாலேயே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா பேசினா சண்டைக்கு வர மாதிரி இருக்குது" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா எங்கள் எதிரில் சிரித்தாள். ஆனால் அடுத்த ஒரு வாரம் எல்லோரிடமும் கையாலேயே ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். அதை எங்களால் தாங்க முடியவில்லை.

மூன்றாவதாக வந்தது தேவிகாபுரத்து வரன். பள்ளிக்கூட வாத்தியார், பாட்டென்றால் உயிர் என்று தரகர் சொன்னார். போட்டோவை அக்கா இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். அமாவாசையன்று பெண் பார்க்க வருவதாகத் தகவல். எங்களுக்கும் அது வசதிதான். அமாவாசையில் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள், தெருவுக்கே விடுமுறை.

அம்மாவுக்குத்தான் கவலை. "அன்னிக்குத் தறிச் சத்தம்கூட இருக்காதேடா. இவ வாயத் தொறந்தா குட்டு வெளிப்பட்டுடும். ஏதாவது பாட்டு போட்டு வச்சா சமாளிக்கலாமா?"

பொறுப்பு என் தலையில் வந்தது. வீட்டில் டேப்பும் ஆம்ப்ளிஃபையரும் இருந்தன, ஸ்பீக்கர்தான் கிழிந்துபோயிருந்தது. விலை குறைவாக, சின்னதாக, அலமாரியில் அடங்குகிற புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கலாம் என்றேன். (எங்கள் அலமாரியில் புக் என்று இருந்தது பஞ்சாங்கம் மட்டும். மீதி இடமெல்லாம் பட்டு நூல்.)

பஜாரில் ரஹீம் பாய் கடையில் மூன்று ஜோடிகள் இருந்தன. "இங்கியே போட்டுக் கேட்டுக்கோ தம்பி" என்றார் பாய். நான் ஏளனமாகச் சிரித்தேன். ஒரு ஸ்பீக்கரை, அது பாடப்போகிற அறையில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது பத்திரிகை விதி. மூன்றையும் வீட்டுக்குக் கொடுங்கள் என்று அடம்பிடித்தேன்.

"உன்னோட ஒரே பேஜாரா போச்சு. எடுத்துகினு போ, ஜல்தியா திருப்பிக் கொண்டா" என்றார்.

விதி சரியான விதிதான். ஆனால் நான் சோதனை நடத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அப்பாவும் அக்காவும் முழு வேகத்தில் நெய்துகொண்டிருந்தபோது. தூளியில் கிடந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் அது எனக்குச் சத்தமாகவே படவில்லை. அமாவாசையன்று தறி ஓடாது என்று அம்மா சொன்னதற்குத் தலையாட்டியவனும் நான்தான்.

நோட்டில் மார்க் போட்டேன். முதல் ஜோடி: 'கூச்ச சுபாவம். முப்பது.' இரண்டாவது: 'இனிமை உண்டு. போர்வைக்குள்ளிருந்து பாடுகிறது. நாற்பது.' மூன்றாவது ஜோடியில் புல்லாங்குழல் இரண்டு தறிகளையும் கிழித்துக்கொண்டு வந்தது. 'அபாரமான தெளிவு. தொண்ணூற்றாறு.' (நீதிபதி என்றால் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டாமா, அதற்காக நாலு மார்க் பிடித்துக்கொண்டேன்.) சரியான வால்யூம் எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் அக்காவின் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளியும் வைத்தேன்.

மற்ற இரண்டு ஜோடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் இழுத்தார். "அது கத்துமே தம்பி. இந்த ரெண்டாவதுதான் வூட்டுக்கு நல்லாருக்கும்."

"உங்களுக்கு இன்னும் காது பழகல பாய்" என்றேன். (எழுதும்போதே கை கூசுகிறது.)

அமாவாசை வந்தது. கூடத்து ஜமக்காளத்தில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தூங்கும் கைக்குழந்தையோடு அவருடைய தங்கை. கேசரி கொடுத்தாயிற்று. அம்மா கண்ணைக் காட்டினாள். நான் சிவப்புப் புள்ளிக்குத் திருகிவிட்டு டேப்பைத் தட்டினேன்.

முதலில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். பின்னாலேயே புல்லாங்குழல், குக்கர் விசிலாக. குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா வைத்திருந்த கேசரி அவர் புடவைக்குப் போனது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, "இன்னாங்க, எங்கியாவது சங்கு ஊதறாங்களா?" என்று கத்தினார்.

பதற்றத்தில் குறைப்பதாக நினைத்துக் கூட்டினேன். அத்தோடு விட்டேனா? வாதாட ஆரம்பித்தேன். "நல்ல ஸ்பீக்கர்தாங்க! தறி ஓடினாத்தான் இதோட தரம் தெரியும்! அப்பா, ஒரு நிமிஷம் தறியில உக்காருங்களேன்!"

"அமாவாசை அதுவுமா தறியில உக்காரச் சொல்றியாடா!" என்று அப்பா சீறியது எனக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது.

அப்போது காபித் தட்டுடன் அக்கா வந்தாள். இரண்டு நாட்களாக மெதுவாகப் பேசிப் பழகியிருந்தவள் எல்லாவற்றையும் மறந்து வாயைத் திறந்தாள்.

"டேய்! நிறுத்துடா அத!"

ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

தறியும் பாட்டும் இல்லாத கூடத்தில் அக்கா வெளிறிப்போய் நின்றாள். என் மேதாவித்தனத்தால் அவள் ஆசைப்பட்ட இடம் போய்விட்டது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "என் கிளாஸ்ல அறுபது பசங்க. கத்திகினே இருந்து தொண்டையே போயிடுச்சுங்க" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்க குரல் இரைச்சலே இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் போவும்ங்க. அத விட்டுட்டு எதுக்கு ஸ்பீக்கரு?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். அதுவும் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் ஸ்பீக்கரோடு போய் நின்றபோது பாய் ஒன்றும் கேட்காமல் அந்தப் போர்வை ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அது அக்காவோடு தேவிகாபுரம் போய், மாமாவின் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இன்றும் இதமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் ஃபேன் வாங்கினாலும் மாமா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், அமாவாசைக்கு ஓட்டிப் பாத்தியா? மார்க் எவ்ளோ, தொண்ணூத்தாறா?"

சில வருஷங்கள் கழித்து எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். நல்ல முகூர்த்த நாள் எதுவும் வேண்டாம், அமாவாசையன்றே போகலாம் என்று தேவிகாபுரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "அவன் எதப் பாத்தாலும் தறி நின்னப்புறம் பாக்கட்டும்மா!"

ரிசீவரைக் காதில் வைத்திருந்தவள் அம்மா. நான் மாடியில் இருந்தேன், கீழே அப்பாவின் தறியும், கூலிக்கு ஆள் வைத்திருந்த அக்காவின் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.