கொட்டிய முடியும் கொட்டிய அன்பும்

ஹெட்போனைக் கழற்றியபோது கூடவே ஒரு சிட்டிகை முடியும் கழன்று மேஜைமேல் விழுந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போனில் புகார் வாங்கிக்கொள்வது அவர் வேலை. அதனால் ஆபீஸில் அவருக்குப் பெயரே புகார். போன மாதம் வீடு மாற்றுவதாகச் சொல்லி லீவு போட்டார். மாற்றியது வீட்டையல்ல. ஒரு கிளினிக்கில் பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டிருந்தார்கள். ஒட்ட வெட்டிய தலையோடு திரும்பியவரை, "வெயிலுக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். மனைவியைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

அந்த நடவுதான் இப்போது மேஜைமேல் கிடந்தது.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன இது, முடி இப்படிக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மருந்து சாப்பிடறேன். அதோட வேலை."

"என்ன மருந்து?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன்" என்றார்.

அக்காவின் முகம் வெளுத்தது. லீவு, வெட்டிய தலை, முடி கொட்டும் மருந்து. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஆபீஸ் முழுக்கப் புகாருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது.

பழச்சாறு வந்தது. நாற்காலிக்கு மெத்தை வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களின் போனைக்கூட அக்காவே எடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"என்ன தைரியம் பாரு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்னால் நம்பமாட்டார்கள், செய்து காட்டுவோம் என்று மறுநாள் கிளம்பினார். மனைவியின் கண்மையால் தலையின் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு, லிஃப்டை விட்டுவிட்டு, நான்கு மாடியும் இரண்டிரண்டு படியாக ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு முட்டியது. வியர்வையோடு மையும் நெற்றியில் இறங்கியது. மருந்து ரத்தத்தையே கருப்பாக்கிவிட்டது என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த நாள்தான் பெரிய அடி. மேனேஜர் மொட்டைத் தலையோடு உள்ளே வந்தார். ஒரு காதோர முடியை நீளமாக வளர்த்து, உச்சிவழியே மறுகாதுவரை பாலம் போட்டு வைத்திருந்தவர் அவர். மின்விசிறிக்குக் கீழே உட்காரவேமாட்டார்.

"நம்ம ஆள் தனியாக் கஷ்டப்படக் கூடாது" என்றார் மேனேஜர். "முடி என்னப்பா, இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும்."

ஆபீஸே கைதட்டியது. புகார் தேம்பித் தேம்பி அழுதார். வலியில் அழுகிறார் என்று அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அந்த மனுஷன் மொட்டையே அடிச்சிருக்காரு. உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி, அன்றிரவு.

"கொட்டினது திரும்ப வருமான்னு கிளினிக்ல கேட்டுக்கிட்டுச் சொல்றேனே."

"வந்தா?"

"வந்தா குணமாயிட்டேன்னு சொல்லிக்கலாம்."

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆபீஸ் விடுமுறை. கிளினிக்கில் நர்ஸ் அவர் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க சார். நட்டது முதல்ல கொட்டத்தான் செய்யும். வேர் உள்ள பத்திரமா இருக்கு. சில மாசத்துல புதுசா முளைக்கும்."

உயிர் வந்தது. கூடவே மனசாட்சியும் வந்து உறுத்தியது. தனக்காகப் பாலத்தையே இடித்த மனிதரை இன்னும் ஏமாற்றினால் சோறு இறங்காது. நேரே மேனேஜர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுவது என்று முடிவு செய்தார்.

"ஆபீஸ்ல உண்மையைச் சொல்லிடப் போறேம்மா. பொய் சொல்லி மாளல" என்றார்.

நர்ஸ் மூடியிருந்த கதவைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்குச் சாமர்த்தியம் பத்தாது சார். உள்ள ஒருத்தருக்கு இப்போ நட்டுக்கிட்டிருக்காங்க. ஆபீஸ்ல எவனுக்கோ கேன்சராம், அவனுக்காக மொட்டையடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டு வந்து படுத்திருக்காரு. எல்லாரும் கைவேற தட்டினாங்களாம்."