பத்தடி தள்ளி வரவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தில் முதலில் நம் சுகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆகையால், இங்கே எல்லோரும் சுகம். இந்த எல்லோரில் வண்டியை நான் சேர்க்கவில்லை.

மேலே ‘சொந்தக் கையால்’ என்று இருப்பதைக் கவனித்தீர்களா? எழுபத்தொரு வயதில் இது என் முதல் கடிதம். நூலகத்தின் பின்னறையில் எட்டு மாதம் மாலை வகுப்புக்குப் போனதன் பலன். இதுவரை எழுதுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனை நீங்கள் எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் அது என் மகள் கைக்குப் போய்விடுகிறது. இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அவள் இல்லாத அறையாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, தயவுசெய்து வாயைத் திறக்காமல் படிக்கவும். நான் இன்னும் வாய்விட்டுத்தான் படிக்கிறேன். நடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

போன முறை அவள் வந்திருந்தபோது என் பழைய கார் கேட் தூணில் லேசாக உரசியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அவள் போட்ட சட்டம் இது: “அப்பா, இன்னொரு கீறல் விழுந்துச்சுன்னா சாவிய வாங்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க பஸ்லதான்.” சொன்னால் செய்கிறவள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று உங்கள் அத்தையைப் பார்த்தாலே தெரியும். என்னையோ வாரத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தாவது குழாய் ஒழுகுகிறது என்று இன்னும் கூப்பிடுகிறார்கள். ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற முதுகு இப்போது என்னிடம் இல்லை. சாவி போனால் வேலையும் போச்சு. காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முப்பத்தெட்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன். அந்த வருஷங்களில் ஒரு பலகையையும் படித்ததில்லை. அம்புக்குறி தெரியும், சிவப்பு வட்டம் தெரியும், மற்றதெல்லாம் எனக்குச் சுவரில் அடித்த பெயின்ட். நிம்மதியாக ஓட்டினேன். எழுத்து தெரிந்த நாளிலிருந்து தெரு முழுக்க என்னைக் கையைப் பிடித்து இழுக்கிறது. ‘இங்கே சாவி செய்து தரப்படும்’ என்கிறது ஒரு கடை. ‘குப்பை கொட்டாதீர்’ என்கிறது ஒரு சுவர், அதன் காலடியில் குப்பை. இருபது வருஷமாக நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கு ‘அழகு மாளிகை’ என்று பெயராம், மாப்பிள்ளை! உள்ளே இருப்பது ஒரே நாற்காலி, அதுவும் ஆடும். இத்தனை நாள் எல்லோரும் என்னை வைத்துக்கொண்டே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்த மாதிரியும், இப்போதுதான் எனக்கும் அது காதில் விழுகிற மாதிரியும் ஒரு சந்தோஷம். தலைகால் புரியவில்லை.

அப்படித் தலைகால் புரியாமல்தான் போன செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார். அதன் முதுகில் மஞ்சள் பலகை. மேல் வரி பெரிய எழுத்து: ‘பயில்பவர் ஓட்டுகிறார்.’ ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அடடா, நம்ம ஆளு என்று பாசம் பொங்கியது. கீழே இன்னொரு வரி, பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் பக்கத்தில்தானே போக வேண்டும்? போனேன். ‘பத்தடி’ என்று வந்தது.

“ஏங்க, ரொம்பக் கிட்ட போறீங்க.”

“இரு, இன்னும் ரெண்டே வார்த்தைதான்.”

“ஏங்க!” என்று உங்கள் அத்தை தன் காலடித் தரையை ஓங்கி மிதித்தாள். அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது. இருந்தாலும் முப்பத்தெட்டு வருஷமாக அங்கே மிதித்து மிதித்து ரப்பர் விரிப்பில் அவள் குதிகால் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. நான் ‘தள்ளி’யைத் தாண்டினேன். ‘வரவும்’ என்று முடிக்கவும் டமாரென்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பத்தடி தள்ளி வரவும். வாக்கியத்தை நடுவில் விடவில்லை என்கிற திருப்தி மட்டும் உண்டு.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். முன் காரிலிருந்து முதலில் இறங்கியது ஓட்டப் பழகும் பெண். அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “சார், இந்தத் தடவ நான் இல்ல சார்!” என்று கத்தினாள். பின்னால் சட்டை முழுக்கத் தேநீரோடு பயிற்சி மாஸ்டர் இறங்கினார்.

“பெரியவரே, பின்னாடி இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்கோமே, படிக்க மாட்டீங்களா?”

“அதத்தான் தம்பி படிச்சிக்கிட்டிருந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அப்புறம் உங்கள் அத்தையைப் பார்த்தார். அவள், “எட்டு மாசமாத்தான் படிக்கிறாரு,” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மாஸ்டர் கோபப்பட எவ்வளவோ முயற்சி செய்தார், வரவில்லை. நடு ரோட்டில் நின்று சிரித்தார்.

அவருடைய காருக்கு பம்பர் மட்டும் நெளிந்தது. நம் வண்டிதான் முகம் மடங்கி உட்கார்ந்துவிட்டது. பட்டறையில் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “ஐயா, இடிச்சதுனால இது உடையல. எப்பவோ உடைஞ்சது. துருவும் பெயின்டும் சேர்ந்து இத்தனை நாள் தாங்கிப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல இத ரோட்டுல விட்டா நான் மனுஷனில்ல,” என்றார். பின் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தேன். நான் வாங்கிப் பதினோராம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அதன் பின் சீட்டில்தான் என் மகள் பிறந்தாள். அவளுக்குக் கீறல் பிடிக்காததற்கு அது ஒரு காரணம். இதை உங்களிடம் அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

புது வண்டி பார்க்க, சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்த ஒரு கார் கடைக்குப் போனோம். அந்த வண்டிக்குள் ஒரு திரை இருக்கிறது, மாப்பிள்ளை. அதில் எழுத்து ஓடுகிறது! ‘கதவு திறந்திருக்கிறது’, ‘பெல்ட் அணியவும்’. நான் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, சொன்னபடி செய்து, அடுத்ததற்குக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து உங்கள் அத்தை விற்பனைப் பையனிடம், “தம்பி, படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத வண்டி இருக்கா?” என்று கேட்டாள். இல்லையாம்.

திரும்பிப் பட்டறைக்கு வந்தால் அங்கே மாஸ்டர் நிற்கிறார், பம்பரை நிமிர்த்த வந்திருக்கிறார். பயிற்சிப் பள்ளிக்குப் புது கார் எடுக்கப் போகிறாராம், இந்த வெள்ளைக் காரை விற்றுவிடுவாராம். உங்கள் அத்தை சும்மா எட்டிப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். குனிந்தாள்.

“தம்பி, கீழ என்னமோ இருக்கே?”

“பிரேக்கும்மா. கத்துக்கிறவங்க தப்புப் பண்ணினா நான் மிதிக்கிறதுக்கு.”

மிதித்தாள். இன்னொரு தடவை மிதித்தாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. “இதுதான் வண்டி,” என்றாள். “வேற எதையும் எனக்குக் காட்டாதீங்க.”

மாஸ்டர் என்னை இரண்டு மணி நேரம் ஓட்டவைத்துப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். “கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியவரே, வாய்தான் பிரச்சினை,” என்றார். ஆகையால் இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். நான் ரோட்டைப் பார்ப்பேன், பலகைகளை அவள் படித்துச் சொல்வாள். ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஒரே சிக்கல், படித்து முடிக்கும்வரை அவளும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை. பழைய வண்டியின் பின் சீட்டை நானே போல்ட் கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இனி உங்களால் ஆக வேண்டிய காரியம். அவள் சிரித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, வண்டிக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லவும். இது பொய்யில்லை. இடித்ததை விட்டுவிட்டால் முழுக்க உண்மை. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொடுக்க வேண்டும். என் சாவி உங்கள் கையில்.

நீங்கள் இருவரும் போகிற வழியெல்லாம் பச்சை விளக்காகவே கிடைக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நான்கு நாள் எழுதிக் கை வலிக்கும் மாமனார்

பின்குறிப்பு: உறையை முதல் நாளே எழுதி வைத்துவிட்டேன். இப்போது கடிதத்தை உள்ளே போட எடுத்துப் பார்த்தால், மேலே உங்கள் பெயர் இல்லை, என் மகள் பெயர் இருக்கிறது. முதல் வகுப்பில், எந்த வார்த்தை முதலில் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் தங்கள் பெயரைக் கேட்டார்கள். நான் என் மகள் பெயரைக் கேட்டேன். எட்டு மாதம் ஒவ்வொரு பக்கத்திலும் அதை எழுதிப் பழகிய கை, தானாகப் போய்விட்டது. இன்னொரு உறை இருக்கிறது, இதைக் கிழித்துப் போடுங்கள் என்கிறாள் உங்கள் அத்தை. மாப்பிள்ளை, இவ்வளவு நேராக ஒரு பெயரை நான் எழுதியதே இல்லை. கிழிக்கக் கை வரவில்லை.

ஆகையால் மகளே, நீதான் பிரித்திருப்பாய். கடிதம் மாப்பிள்ளையுடையது, அவரிடம் கொடுத்துவிடு. உறை உன்னுடையது. சாவியைக் கேட்டால் தந்துவிடுகிறேன், ஆனால் வாங்க நீ நேரில்தான் வர வேண்டும். பஸ் நிலையத்துக்கு நாங்கள் வண்டியில் வந்துவிடுவோம், உன் அம்மா பிரேக்கில் கால் வைத்திருப்பாள். கூட்டத்தில் ஒரு பெரிய அட்டையில் உன் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னைக் கண்டுபிடிக்க உனக்கு அது தேவையில்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.