கன்னத்தில் பதிந்த கவுன்

பள்ளி நடனத்தில் வில்மாவின் தோளில் சாய்ந்து நின்றபடியே தூங்கியதில், கவுனின் சுருக்கமெல்லாம் தன் கன்னத்தில் பதிந்து, அடுத்த பீச் பழ அறுவடை வரை அழியவே இல்லை என்பது எல்வுட்டின் கட்சி. சவரக்கத்தி அந்த இடத்துக்கு வந்தால் குண்டும் குழியுமான சாலையில் லாரி போவதுபோல் குதித்ததாம்.

அது 1961. இப்போது இருவருக்கும் எழுபது நெருங்குகிறது. இருவருமே துணையை இழந்தவர்கள். ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூரில் இந்தக் கதையைக் கேட்காத நாய்கூட இல்லை. எல்லாரும் சிரித்துவைப்பார்கள். வில்மாவின் அக்கா ஓலேட்டா மட்டும் ஒவ்வொரு தடவையும், "புளுகு" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்வுட் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

வில்மா ஐஸ் டீயைக் கலக்கிக்கொண்டே, "அந்தக் கவுன் என்ன துணின்னு கண்டுபிடிச்சுக் கொண்டு வா. நிஜமாவே என்னை ஞாபகம் வச்சிருக்கியா, இல்ல கதையை மட்டும்தான் வச்சிருக்கியான்னு பார்க்கலாம்" என்றார்.

எல்வுட்டுக்குத் துணியில் தெரிந்தது இரண்டே வகை: நனைந்தது, காய்ந்தது. ஆனால் கன்னம் இருந்ததே. சர்ச்சில் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்களின் அறையில் அந்தக் காலத்துப் பருத்தித் துண்டுகள் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கன்னம் வைத்துக் குட்டித் தூக்கம் போட்டு, எழுந்து கண்ணாடி பார்த்தார். ஒன்று கட்டம் கட்டமாக விழுந்தது. ஒன்று புள்ளி புள்ளியாக விழுந்தது. பாதிரியார் அம்மை என்று பயந்து இரண்டடி பின்வாங்கினார். நேர்கோடாகச் சுருங்கும் சீர்சக்கர் துணியில் கிட்டத்தட்ட ஏமாந்தார். கடைசியில், மரப்பட்டைபோல் நெளிந்து கொப்புளமாகப் புடைத்த ஒரு துணி. கண்ணாடிக்குள் பதினெட்டு வயது எல்வுட் நின்றார். அதன் பெயர் ப்ளிஸே என்றார்கள் பெண்கள்.

பெண் கேட்கப் போகிறவர் கசங்கிய துணியோடா போவார்? கஞ்சி போட்டு, சுடச்சுட இஸ்திரி போட்டார். நெளிவெல்லாம் படுத்துவிட்டது. தண்ணீர் தெளித்தார், கஞ்சி பிசுபிசுத்தது. கசக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார், அட்டையாக விறைத்துக்கொண்டது.

அதையே கொண்டுபோய் நீட்டினார். வில்மா வாங்கித் தடவினார். முகம் வாடியது.

"இது பெட்ஷீட், எல்வுட்."

"இஸ்திரி போடறதுக்கு முன்னாடி நீ பார்த்திருக்கணும்." எல்வுட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருடா" என்ற ஓலேட்டா, பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி, துணியை விரலால் உரசினார். "சீர்சக்கர்மேல ரோடு ரோலரே ஏறினாலும் சுருக்கம் போகாது. இஸ்திரிக்கு உசுரை விடறது ப்ளிஸேதான். அந்தக் கவுனும் ப்ளிஸேதான்."

வில்மா எல்வுட்டின் கையிலிருந்த தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினார். பிறகு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "உனக்கு எப்படிக்கா தெரியும்? நீ அன்னைக்கு டான்ஸுக்கே வரலியே?" என்றார்.

"'இல்லக்கா, நிஜம்தான்'னு நீயா ஒத்துக்குவேன்னுதான் இத்தனை வருஷமா புளுகுன்னு சொல்லிட்டிருந்தேன். இவன் சொன்னது நடந்ததுதான். அந்தச் சனிக்கிழமை என் பெட்டியிலிருந்து காணாமப்போன கவுனை, மறுநாள் சர்ச்சுல இவன் கன்னத்துலதானே பார்த்தேன்."