நூற்றெட்டு மைல் கார்

ஒரு பொருளின் மேல் பெரிதாக ஓர் எண்ணை எழுதிவிட்டால், அதை எழுதியது யார் என்று மனிதன் கேட்பதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் குளுவாங் என்ற ஊரில் ஒரு மோட்டார் கடையில் விற்பனையாளனாக இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். (கற்ற கையோடு வேலையும் போய்விட்டது.)

எங்கள் கடைக்குச் சீமையிலிருந்து இரண்டு பந்தயக் கார்கள் வந்தன. பந்தயம் என்பது கம்பெனிக்காரன் சொன்னது. தன்னுடைய சாதாரணக் காரின் கூரையைக் கழற்றி, வெள்ளைச் சாயம் அடித்து, இன்ஜின் மூடியின் மேல் இரண்டு தோல் வார்களைக் கட்டியிருந்தான், அவ்வளவுதான். பின்புறத்தில் சிவப்பாக 80 என்று எழுதியிருந்தான். மணிக்கு எண்பது மைல் போகுமாம். காரின் பெயரும் அதுவே. எங்கள் சாலைகளில் நாற்பதைத் தாண்டினால் எருமை குறுக்கே வரும் என்பது சீமையில் உட்கார்ந்து பெயர் வைத்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு காரைத் தோட்டத் துரை ஒருவர் வாங்கிப் போனார். மற்றது கடையிலேயே கிடந்தது. எங்கள் சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் அது போகணும். போகலைன்னா நீ போலாம்லா."

அந்த வாரமே பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து வேலாயுதம் வந்தார். தோட்டங்களில் ரோடு போடும் கண்டிராக்டர். காரைச் சுற்றி வந்தார், தோல் வாரைத் தடவிப் பார்த்தார். வாங்கியே விட்டார் என்று நான் நினைத்தபோது பின்பக்கம் போனார். முகம் சுருங்கிவிட்டது.

"எட்டா? ஆவாது தம்பி. எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்குது."

"எண்பதுங்க ஐயா."

"கூட்டினா எட்டுத்தானே? ஒம்பது வர்ற மாதிரி இருந்தா சொல்லு."

வேலை போகப்போகிறவனுக்கு வாய் தானாகத் திறக்கும். "தொண்ணூறு மாடல் கப்பல்ல வந்துக்கிட்டிருக்குங்க. அடுத்த வாரம் வந்திரும்" என்றேன்.

மறுநாள் தவுக்கே சாப்பிடப் போன நேரத்தில் கப்பல் வந்துவிட்டது. எட்டை வெள்ளையால் அழித்து, ஒன்பதைச் சிவப்பில் எழுதினேன். கண்டிராக்டர் தேங்காய் உடைத்துக் காரை எடுத்துப் போனார். வேலை தப்பியது என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் துரை வந்து நின்றார். ரயில்வே கேட் அடைத்திருந்தபோது கண்டிராக்டரின் கார் அவருக்கு முன்னால் நின்றிருக்கிறது. நீளமான சரக்கு ரயில் ஒன்று போய் முடியும்வரை அவர் அந்தத் தொண்ணூறையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தனக்கு மட்டும் ஏன் பத்து மைல் குறைத்துக் கொடுத்தோம் என்று கேட்டார்.

இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் ஏற்றிவிடலாம் என்றேன். கடைக்குப் பின்னால் கொண்டுபோய், சுத்தியலால் எதையோ நாலு தட்டு தட்டிவிட்டு, பின்புறத்தில் 100 என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் இப்போது பறக்கிறதாம்!

பறந்த செய்தி ரெங்கத்துக்கும் போயிற்று.

"துரை வண்டி நூறாமே! நம்ம வண்டி என்ன இளைச்சுப்போச்சா?" என்று வந்தார் கண்டிராக்டர். "நூறுக்கு மேல ஏத்திக் கொடு தம்பி. ஆனா கூட்டினா ஒம்பதுதான் வரணும்."

இருவரும் யோசித்தோம். இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது: "நூத்தியெட்டு!" அவர் காரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

எழுதி முடித்துக் காரை வாசலில் கொண்டுவந்து விட்டேன். சாயம் காயவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் போட வந்தார் துரை. அவரைக் கண்டதும் கண்டிராக்டர், சொந்தக்காரர் என்ற தோரணையில், காரின் பின்புறத்தில் சாய்ந்து நின்றார். நான் "ஐயா, ஐயா" என்று அலறினேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.

பிறகு, துரை எண்ணைப் பார்க்கட்டும் என்று பெருந்தன்மையோடு விலகி நடந்தார். காரில் சிவப்புத் தீற்றல்தான் மிச்சம் இருந்தது. கண்டிராக்டரின் சலவை வேட்டியில், உட்காரும் இடத்தில், 801 என்று பளிச்சென்று பதிந்திருந்தது.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தார் வாசலுக்கு வந்த தவுக்கே.

துரை தன் காரிடம் போய்ச் சாவியால் நூறைச் சுரண்டினார். உள்ளே இருந்து எண்பது எட்டிப் பார்த்தது. வந்த வேலையை மறந்து ஏறிப் போய்விட்டார். தவுக்கே தெருவைக் காட்டி, "போ" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருவுக்கு வந்த என்னைக் கண்டிராக்டர் நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லு. அந்தத் தொண்ணூறு கம்பெனி போட்டதா, நீ போட்டதா?"

"நான் போட்டதுங்க."

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பி வேட்டியைப் பார்த்தார்.

"எட்டு, சைபர், ஒண்ணு. திருப்பிப் போட்டாலும் ஒம்பதுதான் வருது!" என்றார் வியப்போடு. "நாளைக்கு ரெங்கத்துக்கு வந்திரு. எழுத்து வேலை தர்றேன். ஆனா நம்பரு மட்டும் நீ எழுதக்கூடாது."

அவர் ஊர் முழுக்கச் சொன்ன கதை, எனக்குப் பெண் பார்க்கும் முன்பே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள் என்று நான் யாரிடமாவது சொன்னால், என் மனைவி சமையலறையிலிருந்தே, "கம்பெனி போட்டதா, நீங்க போட்டதா?" என்பாள்.

போன மாதம் என் மகன் கணக்கில் அறுபத்தைந்து மார்க் வாங்கி வந்தான். சந்தோஷத்தில் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"பயப்படாதீங்கப்பா. கம்பெனி போட்டதுதான்."